மூன்று புள்ளி வீணா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளிகளை மறுபடியும் தரவரிசைப்படுத்தி வெளியிட்டால் பெற்றோருக்கு வசதியாக இருக்கும் என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய தவிப்பு எனக்குப் புரிகிறது. நானும் இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளி தேடி அலைந்தவள்தான். ஆனால் அந்தப் பட்டியல் திரும்பி வருவதில் எனக்கு உடன்பாடில்லை. 1992ல் தொடங்கிப் பல ஆண்டுகள் அது வந்தது. 2004ல் ஒன்று, இரண்டு என்று எண் போடுவதை விட்டுவிட்டுப் பள்ளிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்தார்கள். 2012ல் அதையும் நிறுத்தினார்கள். நிறுத்தியது கல்வி அமைச்சு. நாம் எங்கே நிறுத்தினோம்? நவம்பர் கடைசியில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்த அன்றே யாராவது ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியலைப் போட்டுவிடுகிறார். சென்ற ஆண்டு ஒவ்வொரு பள்ளியிலும் கடைசியாக இடம் பிடித்த பிள்ளை எத்தனை புள்ளி என்பதுதான் அதில் இருக்கும்.

ஒரு பள்ளியை எத்தனை பேர் விரும்பிக் கேட்டார்கள் என்று அந்த எண் சொல்லும். உள்ளே பாடம் எப்படி நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. 2021ல், மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுக் கணக்கிட்ட பழைய டி-ஸ்கோர் போன பிறகு, நான்கு பாடங்களுக்கும் 1 முதல் 8 வரை புள்ளி, மொத்தம் 4லிருந்து 32 வரைதான். புள்ளி குறையக் குறைய நல்லது. ஆக மொத்தம் 29 எண்கள். நூற்றுக்கும் அதிகமான பள்ளிகள் அதற்குள் நெருக்கியடித்து நிற்கின்றன. என் மகளுக்குக் கணிதத்தில் 6. 45 மார்க் வாங்கினாலும் 6, 64 வாங்கினாலும் 6, ஒரு மார்க் கூடி 65 ஆகியிருந்தால் 5. அவள் எந்தப் பக்கம் நின்றாள் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. முடிவுத்தாளில் அதைப் போடுவதில்லை.

மகன் பழைய முறையில் படித்தவன். நல்ல ஸ்கோர் எடுத்தான். பலரும் ஆசைப்படும் ஒரு பள்ளியில் இடம் கிடைத்ததும் அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் சொல்லிப் பெருமைப்பட்டேன். அங்கே தமிழ் இல்லை என்பதைக் கவனித்தேன், பெரிதாக நினைக்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள், பள்ளி முடிந்ததும் பேருந்து பிடித்து வேறு ஒரு பள்ளிக்குப் போய்த் தமிழ் படித்தான். பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே ரொட்டியைத் தின்பான். வகுப்பில் நாலைந்து பள்ளிச் சீருடைகள். ஒருவருக்கொருவர் பெயர் தெரியவே பாதி வருடம் ஆனது. ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன், அருமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் வீடு திரும்ப மாலை ஆறரை ஆகிவிடும், அப்புறம் மறுநாள் வீட்டுப்பாடம். உயர்நிலை மூன்றில் ஒரு நாள் புத்தகப்பையைப் போட்டுவிட்டுச் சொன்னான்: “அம்மா, செவ்வாய்க்கிழமைன்னாலே எனக்குப் பிடிக்கல.” தமிழ் பிடிக்கவில்லை என்று அவன் சொல்லவில்லை. எனக்கு என்னவோ அப்படித்தான் கேட்டது.

மகள் முறை வந்தபோது விருப்பப் பட்டியலில் போடக்கூடிய ஆறு பள்ளிகளுக்கும் நானே போன் போட்டேன். தமிழ் உங்கள் பள்ளியிலேயே நடக்கிறதா, வெளியே அனுப்புகிறீர்களா, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு முடியும்? இரண்டு இடத்தில் ‘கேட்டுச் சொல்கிறோம்’ என்றார்கள். அதோடு சரி.

மொத்தம் 14 எடுத்திருந்தாள், தமிழில் 1. வழக்கமான தமிழைவிட ஒரு படி மேலான உயர்தமிழ்ப் பாடம் எடுக்கத் தகுதி உண்டு. வீட்டிலிருந்து பன்னிரண்டு நிமிடம் நடக்கிற தூரத்தில் இருந்த பள்ளியை முதல் விருப்பமாகப் போட்டோம். அங்கே கடைசிப் பிள்ளை 17. என் அக்காவுக்குத் தாங்கவில்லை. “பதினாலு எடுத்துட்டு பதினேழுல போடுறியா? மூணு புள்ளி வீணாப் போகுதுடி!” புள்ளி என்ன பற்றுச்சீட்டா, மிச்சத்தைச் செலவழிக்காமல் விட்டால் காலாவதியாகிவிட?

அந்தப் பள்ளியின் பொது வரவேற்பு நாளில் தமிழ் வகுப்பறையைத் தேடிப் போனோம். மூன்றாம் மாடி, ஓரத்து அறை. வெள்ளைப் பலகையில் முந்தின நாள் எழுதிய பழமொழி பாதி அழிந்து கிடந்தது. மகள் மீதியை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவோரம் நின்ற ஒரு பெரிய பெண் “நீயும் தமிழா? வா வா” என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

2024ல் உயர்நிலை ஒன்றுக்குப் போன முதல் கலவை வகுப்புப் பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. தேர்வுப் புள்ளியை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்த விரைவுநிலை, வழக்கநிலை எல்லாம் அந்த ஆண்டு சேர்ந்தவர்களிலிருந்து கிடையாது. ஒரே வகுப்பில் 14 எடுத்தவளும் 25 எடுத்தவளும் உட்கார்ந்து ஓவியம், இசை, உடற்கல்வி படிக்கிறார்கள். கணிதத்துக்கும் அறிவியலுக்கும் அவரவர் நிலைக்கேற்பப் பிரிந்து போகிறார்கள். இப்படி இருக்கும் பள்ளியை இன்னொரு பள்ளியோடு ஒற்றை எண்ணை வைத்து எப்படி ஒப்பிடுவது?

ஒப்பிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிள்ளை நான்கு வருடம் கழிக்கும் இடத்தை ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும். தமிழ்ப் பத்திரிகை ஒன்று பட்டியல் போடுவதாக இருந்தால் இப்படிப் போடட்டும்: எந்தெந்த உயர்நிலைப் பள்ளிகளில் தமிழ் பள்ளி நேரத்திலேயே நடக்கிறது, எவை பல பள்ளிப் பிள்ளைகளும் போய்த் தமிழ் படிக்கும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்கோ வேறு பள்ளிக்கோ அனுப்புகின்றன, உயர்தமிழ் எங்கே, வகுப்பு எத்தனை மணிக்கு விடும். முடிவு வந்த பிறகு ஆறு பள்ளிகளை நிரப்ப நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு வாரம். அதனால் அக்டோபரிலேயே போட்டுவிட்டால் புண்ணியமாகப் போகும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈசூன்