மரபு நாள் மேடையில் அந்தப் பாட்டுகளுக்கும் இடம் கொடுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் எங்கள் தமிழ்ச் சங்கத்தை நடத்தும் செயற்குழுப் பெரியவர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் 24 மரபு நாள் விழாவில், நிறவெறி ஆட்சிக்கு எதிரான போராட்டப் பாடல்கள் பாட நம் பிள்ளைகள் அனுமதி கேட்டபோது, அது அரசியல், நம் மேடைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். திருப்புகழும் பரதநாட்டியமும் இருக்கட்டும், நானும் வந்து உட்கார்ந்து கேட்பேன். ஆனால் 1860இல் ஒப்பந்தக் கூலிகளாக ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கிய நாளிலிருந்து இந்த மண்ணில் நாம் பட்டதும் போராடியதும் நம் மரபில் சேராதா?

போராட்டப் பாட்டு என்றால் ஆட்சியில் இருப்பவனைத் திட்டுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படிப்பட்ட பாட்டும் உண்டு. நிறவெறி அரசின் பிரதமர் வெர்வூர்டை எச்சரித்துப் பாட்டுக் கட்டிய தொழிற்சங்கத் தலைவர் வுயிசிலே மினியை 1964இல் பிரிட்டோரியாவில் தூக்கிலிட்டார்கள், அவர் பாடிக்கொண்டே போனார். ஆனால் அந்தப் பாட்டுகள் செய்த பெரிய வேலை வேறு. பாடுகிறவர்களை, பக்கத்தில் நிற்பவனை நம் ஆள் என்று ஏற்றுக்கொள்ள வைத்தன. நம் பஜனை மாதிரிதான்: ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள், நாலைந்து சொல்தான் இருக்கும், முதல் தடவை கேட்பவனும் மூன்றாவது சுற்றில் சேர்ந்துவிடலாம். மனம் சம்மதிப்பதற்கு முன்பே வாய் சேர்ந்துவிடும், மனம் மெதுவாகப் பின்னால் வரும். 1973 ஜனவரியில் கொரனேஷன் செங்கல் ஆலைத் தொழிலாளர்கள் டர்பன் தெருக்களில் பாடிக்கொண்டுதான் நடந்தார்கள், அந்த வேலைநிறுத்தம் நெசவாலைகளுக்கும் பரவியபோது கறுப்பினச் சூலுக்காரர்களோடு இந்தியத் தொழிலாளர்களும் வெளியே வந்தார்கள். நம் வீட்டுப் பெரியவர்களில் எத்தனை பேர் அந்த ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

1987இல் ஜானி கிளெக் பாடிய 'அசிம்போனாங்கா'வை எடுத்துக்கொள்ளுங்கள். மண்டேலா சிறையில் இருந்த காலம், அவர் படத்தைக்கூட வெளியிட முடியாது. அப்போது ஒரு வெள்ளைக்காரர் சூலு மொழியில், அவரை நாங்கள் பார்க்கவில்லையே என்று பாடுகிறார். ஸ்டீவ் பிகோ, நீல் ஆகெட், விக்டோரியா ம்ஷெங்கே என்று, நிறவெறி ஆட்சியை எதிர்த்து உயிர்விட்டவர்களைப் பெயர் சொல்லி அழைக்கிறார். கறுப்பர், வெள்ளையர், ஆண், பெண் என்று எல்லாருக்கும் சேர்த்து ஒரே துக்கம். விக்டோரியா ம்ஷெங்கே 1985இல் கொல்லப்பட்டது உம்லாசியில், கறுப்பின மக்கள் வாழும் நமக்கு அடுத்த ஊர். அந்தப் பெயரை நம் பிள்ளைகள் ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டாமா?

சரி, அரசியல் பாட்டே வேண்டாம் என்றால் தேசிய கீதத்தை என்ன செய்வது? அதன் முதல் பகுதி ஈனாக் சொன்டொங்கா 1897இல் எழுதிய பிரார்த்தனை, பிறகு போராட்டக் கூட்டங்களில் எல்லாம் ஒலித்தது. பின்பகுதியில் நிறவெறி அரசின் கீதத்திலிருந்து எடுத்த வரிகள் இருக்கின்றன. 1997இல் இரண்டையும் ஒன்றாக்கி, ஐந்து மொழிகளில் பாடுகிறோம். தங்களை ஒடுக்கியவர்களின் பாட்டையும் சேர்த்துப் பாட இந்த நாட்டின் பெரும்பான்மை மக்கள் சம்மதித்தார்கள், அது எவ்வளவு பெரிய மனது! நாமோ நம் விழாக்களில் முதல் இரண்டு வரியை முணுமுணுத்துவிட்டு ஆங்கிலப் பகுதி வந்ததும்தான் குரலை உயர்த்துகிறோம்.

இதை ஏன் இப்போது இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 1949 டர்பன் கலவரத்தில் 142 பேர் செத்தார்கள், சூலுக்காரர்களும் இந்தியர்களும். 2021 ஜூலைக் கலவரத்தின்போது, டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில் 30க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் கறுப்பின மக்கள். அதற்கு அப்புறமும் நம் வாட்ஸாப் குழுக்களில் வரும் பேச்சு எனக்குப் பயமாக இருக்கிறது. கூட்டம் போட்டுப் புத்தி சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. உம்லாசிப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் தோளோடு தோள் நின்று ஒரே பாட்டைப் பாடினால், கீழே உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாவும் கைதட்டத்தான் செய்வார்கள்.

அதனால் கேட்கிறேன்: விழாவில் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். உம்லாசியில் ஏதாவது ஒரு பள்ளிப் பாடகர் குழுவை சங்கத்தின் பெயரில் நீங்களே கடிதம் எழுதி அழையுங்கள். சூலு வரிகளைத் தமிழ் எழுத்தில், பொருளோடு அச்சடித்துத் தரும் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஒத்திகைக்கு ஞாயிறு மாலைகளில் கூடத்தைத் திறந்துவிட்டால் போதும். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதைப் பேச எனக்கும் நேரம் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சங்க உறுப்பினர்களில் ஒருவர்