பணிப்பளு அறிக்கையைச் சங்கங்கள் கையில் எடுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுக் கல்லூரிகளில் இயங்கும் ஆசிரியர், அலுவலர் சங்கங்கள் ஊதிய உயர்வையும் இடமாறுதலையும் விட்டால் வேறெதையும் பேசுவதில்லை என்று தங்கள் சென்ற இதழின் கட்டுரை குறைபட்டிருந்தது. அரசு கலைக் கல்லூரியில் தமிழ் கற்பித்து, சங்கத்தின் கிளைப் பொறுப்பிலும் சில காலம் இருந்து ஓய்வுபெற்றவன் நான். அந்தக் குறையில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். ஊதியம் கேட்பதே பிழை என்பதுபோல் ஒலிக்கும் மறுபாதியை ஏற்க இயலவில்லை. 2003 ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது என்றான பின், அதைப் பற்றிப் பேசாத சங்கம் எதற்கு? என் வருத்தம் வேறு. சங்கம் அவசியம் தலையிட வேண்டிய ஓர் இடத்தில் வாய் திறப்பதே இல்லை. அந்த இடம், எத்தனை வகுப்புகள், அவற்றுக்கு எத்தனை மணி நேரம் என்று துறைத்தலைவர்கள் ஆண்டுதோறும் கணக்கிட்டுத் தயாரித்துக் கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகத்துக்கு அனுப்பும் பணிப்பளு அறிக்கை.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது வெறும் மணிக்கணக்கு. ஒரு கல்லூரிக்கு எத்தனை ஆசிரியர் தேவை என்பது தீர்மானமாவது அந்தக் கணக்கில்தான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி உதவிப் பேராசிரியர் ஒருவர் வாரத்துக்கு 16 மணி நேரமும், இணைப் பேராசிரியரும் பேராசிரியரும் 14 மணி நேரமும் வகுப்பெடுக்க வேண்டும். பத்து இளநிலைப் பாடப்பிரிவுகள் உள்ள கல்லூரியில் முதலாமாண்டு, இரண்டாமாண்டு மாணவர்கள் எல்லோரும் பொதுவாகப் படிக்கும் மொழிப்பாடமான 'பகுதி ஒன்று' தமிழை மட்டும் எடுத்துக்கொள்வோம். வகுப்புக்கு வாரம் ஆறு மணி நேரம் என்றால் இருபது வகுப்புகளுக்கு 120 மணி நேரம். அதற்கே ஏழரைப் பணியிடங்கள் வேண்டும். வரலாற்று மாணவர்களையும் பொருளியல் மாணவர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்து, இப்படி எட்டு வகுப்புகளை இரண்டிரண்டாக இணைத்துவிட்டால், தாளில் 24 மணி நேரம் குறைந்து ஒன்றரைப் பணியிடம் ஓசையில்லாமல் மறைந்துவிடும். அறையில் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் நெருக்கியடித்து அமர்ந்திருப்பார்கள், பின்வரிசைக்கு ஆசிரியரின் குரல் எட்டாது. இதை எதிர்த்து எவரும் வாயிற்கூட்டம் நடத்தியதாக எனக்கு நினைவில்லை.

எஞ்சியிருக்கும் பணியிடங்களும் முறையாக நிரப்பப்படுவதில்லை. 2024 மார்ச் மாதம் ஆசிரியர் தேர்வு வாரியம் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு அறிவிக்கை வெளியிட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டில் நடக்கவிருந்த தேர்வு தள்ளிப்போனது. இடைப்பட்ட காலமெல்லாம் வகுப்புகளைத் தாங்கி நிற்பவர்கள், தொகுப்பூதியத்தில் தற்காலிகமாக அமர்த்தப்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள். இரண்டு சுழற்சிகளாக நடக்கும் கல்லூரிகளில் பிற்பகல் சுழற்சியில் நிரந்தர ஆசிரியரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஒப்பந்த நியமனங்கள் மொத்த ஆசிரியர் பணியிடங்களில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மானியக் குழுவின் அதே விதிமுறைகள் சொல்கின்றன. கௌரவ விரிவுரையாளர் என்பவர் ஒப்பந்தக்காரர் அல்லர் என்று இதற்கு அதிகாரிகள் விளக்கம் கூறக்கூடும். பெயர் எதுவானாலும் பாடம் நடத்துவது, அக மதிப்பீட்டுத் தாள் திருத்துவது, கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது இரவு பகலாகக் கோப்பு தயாரிப்பது எல்லாமே அவர்கள்தாம். வருகைப் பதிவேடு மட்டும் அவர்களுக்குத் தனி.

ஊதியத்தையும் சொல்லியாக வேண்டும். வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று மானியக் குழு 2019-இல் வழிகாட்டியது. நமது அரசுக் கல்லூரிகளில் 2024 நிலவரப்படி வழங்கப்பட்டது 25,000 ரூபாய். அதுவும் ஆண்டுக்கு 11 மாதங்களுக்கு மட்டும். ஏழாவது ஊதியக் குழுவின்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். கல்வித் தகுதி இருவருக்கும் ஒன்றே. குஜராத்தில் ஒப்பந்த உதவிப் பேராசிரியர்கள் தொடுத்த வழக்கில், முறையான ஊதிய விகிதத்தின் குறைந்தபட்சத் தொகையை அவர்களுக்கு வழங்குமாறு 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அத்தகைய வழக்கை இங்கே தொடுக்கும் பொறுப்பைக் கௌரவ விரிவுரையாளர்களின் தனிச் சங்கங்களிடமே விட்டுவிட்டு, நிரந்தர ஆசிரியர் சங்கங்கள் தீர்மானத்தின் கடைசி வரியில் ஆதரவு தெரிவிப்பதோடு நின்றுகொள்கின்றன. சந்தா செலுத்துபவருக்காகத்தான் சங்கம் என்று வாதிடுவோர் உண்டு. நிரந்தர ஆசிரியர் பாதிக்கும் கீழாகக் குறைந்துபோன துறையில் அந்த வாதம் எத்தனை நாளைக்குச் செல்லும்?

வேலைநிறுத்தம் செய்து இதையெல்லாம் பெற்றுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. சட்டத்தில் அதற்கு வழி மிகக் குறுகல். சங்கம் அமைக்கும் உரிமையை அரசமைப்பின் 19-ஆவது உறுப்பு தருகிறது. ஆனால் ஆசிரியர்கள் அப்போதிருந்த தொழில் தகராறுச் சட்டத்தின்படி 'தொழிலாளர்' ஆக மாட்டார்கள் என்று கோவா ஆசிரியை ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1988-இல் தீர்ப்பளித்துவிட்டதால், ஆலைத் தொழிலாளர்களைப்போல் தொழிலாளர் நீதிமன்றத்தை நாடும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லாமல் போனது. 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒட்டுமொத்தமாகப் பணிநீக்கம் செய்யப்பட்டதும், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமையே இல்லை என்று அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் கூறியதும், நிபந்தனையற்ற மன்னிப்புக் கோரியவர்கள் பணிக்குத் திரும்பியதும் எங்கள் தலைமுறைக்கு மறக்கக்கூடியவை அல்ல. கோரிக்கை அட்டை அணிவதும் மாலை நேர ஆர்ப்பாட்டமும் அதன் பிறகும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் சங்கத்தின் உண்மையான பலம் அரசாணையைப் படிக்கத் தெரிந்திருப்பதிலும், பணிமூப்புப் பட்டியலில் நேர்ந்த தவறைக் கண்டுபிடிப்பதிலும், கணக்கைக் கணக்காலேயே மறுப்பதிலும் இருக்கிறது. அத்திறமை நம் கிளைச் செயலாளர்களிடம் ஏராளமாக உண்டு. இடமாறுதல் கலந்தாய்வு நெருங்கும்போது அதைக் கண்கூடாகப் பார்க்கலாம்!

அலுவலகப் பணியாளர்களையும் ஆய்வக உதவியாளர்களையும் இதில் சேர்த்தே பேச வேண்டும். அவர்களுக்குத் தனிச் சங்கம் இருப்பதால் ஆசிரியர் சங்கம் அவர்களைக் கண்டுகொள்வதில்லை, அவர்களும் அப்படியே. ஆனால் ஆய்வக உதவியாளர் பணியிடம் காலியாகக் கிடக்கும் வேதியியல் துறையில், செய்முறை வகுப்பு முடிந்ததும் பியூரெட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவைத்து, அடுத்த பிரிவுக்கான கரைசலையும் தயாரித்து வைப்பவர் அந்த வகுப்பை எடுத்த கௌரவ விரிவுரையாளரேதான். அந்த ஒரு மணி நேரம் எந்தப் பணிப்பளு அறிக்கையிலும் ஏறுவதில்லை. அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் இல்லையென்றால் மாணவரின் கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலை துறைகளுக்கு வந்துசேர்கிறது, அதற்கும் கணக்கில்லை. கல்லூரி மட்டத்தில் இரு சங்கங்களும் ஒன்றாக அமர்ந்தாலன்றி இவை வெளிச்சத்துக்கு வராது.

எனவே சங்கங்களிடம் நான் வேண்டுவது இதுதான். பணிப்பளு அறிக்கை முதல்வரின் கையொப்பத்துக்குப் போகுமுன் எல்லாத் துறைகளின் கணக்கும் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒரு வாரமாவது இருக்கட்டும். இணைக்கப்பட்ட வகுப்புகள் எவை, அவற்றில் மாணவர் எத்தனை பேர், காலியிடங்கள் எத்தனை, அவற்றில் கௌரவ விரிவுரையாளர்கள் எத்தனை பேர் பணிபுரிகிறார்கள், ஆய்வகத்திலும் அலுவலகத்திலும் ஆளில்லாத இருக்கைகள் எத்தனை என்பன அதில் தெரிய வேண்டும். முதல்வர்கள் தயங்கினால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கிளைப் பொறுப்பாளர்களே தம் பெயரில் மனுச் செய்து கேட்டு வாங்கலாம். இதற்குப் புதிய சட்டமோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. மாநிலத்தில் 160-க்கும் மேற்பட்ட அரசு கலை அறிவியல் கல்லூரிகள் உள்ளன. அவற்றில் பாதியின் கணக்கைத் தொகுத்து உயர்கல்வித் துறைச் செயலரிடம் கொடுத்தால்கூட, சட்டப்பேரவையில் துறைக்கான நிதியைப் பேசும் அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்தில் எதிர்க்கட்சியும் ஆளுங்கட்சியும் மறுக்க முடியாத எண்கள் அவையில் இருக்கும். வரும் கல்வியாண்டுக்கான அறிக்கை தயாராகும் காலத்துக்குள் ஏதேனும் ஒரு மண்டலமாவது இதைத் தொடங்கும் என எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இணைப் பேராசிரியர்,
விழுப்புரம்.