கடை வரைபடத்தில் வாங்குபவர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிதாகக் கடை திறப்பவர்களுக்கான ஆலோசனைகளைத் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் தொடர்ந்து படித்து வருகிறேன். முதலீடு, கடன், வரி, விளம்பரம் என எல்லாவற்றையும் விரிவாக எழுதுகிறவர்கள், கடையின் உள்ளமைப்பு என்று வரும்போது மட்டும் 'கண்ணைக் கவரும்படி இருக்க வேண்டும்' என்ற ஒரே வரியோடு முடித்துக்கொள்கிறார்கள். யாருடைய கண்ணை என்று சொல்வதில்லை. கடைகளுக்கு ரேக்கும் கவுன்ட்டரும் செய்து பொருத்தும் தொழிலில் 27 ஆண்டுகளாக இருப்பவன் என்பதால், அந்தக் கேள்வியைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

எங்களிடம் வரும் உரிமையாளர்களில் பெரும்பாலோர் கைப்பேசியில் சேமித்த நாலைந்து படங்களோடுதான் வருகிறார்கள். வேறு யாரோ வேறு எதையோ விற்கும் கடையின் படங்கள் அவை. உங்கள் கடைக்கு வரப்போகிறவர்கள் யார் என்று கேட்டால், 'எல்லாரும்தான்' என்று பதில் வரும். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு ரேக்கின் உயரத்தைக்கூட முடிவு செய்ய முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் முழங்கால் பெல்ட், கைத்தடி, காது கேட்கும் கருவி ஆகியவற்றை விற்கும் ஒரு கடைக்கு வேலை செய்தோம். உரிமையாளர் காட்டிய படத்தில் இருந்தபடியே பளபளக்கும் வெள்ளை டைல்ஸ், கூரையில் வரிசையாக ஸ்பாட் லைட், உட்கார்ந்தால் உள்ளே அமிழும் சோபா, சாம்பல் நிற அட்டையில் பொடி எழுத்தில் விலை. திறந்த மறுநாள் கதவு ஒன்றைச் சரிசெய்யப் போயிருந்தேன். வந்த முதியவர்களுக்கு, விளக்கொளி பட்டு மின்னிய தரை ஈரத்தரையாகத் தெரிந்திருக்கிறது. வாசலிலேயே நின்று ஒரு காலால் தடவிப் பார்த்த பிறகே அடுத்த காலை எடுத்து வைத்தார்கள். சோபாவில் உட்கார்ந்த ஓர் அம்மாள் எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது; அவர் வாங்க வந்ததோ முழங்கால் பெல்ட். வயது ஏற ஏறக் கண்மணி சுருங்குகிறது, கண்ணின் வில்லை மஞ்சளாகிறது. 60 வயதுக்காரரின் விழித்திரையைச் சென்றடையும் ஒளி, 20 வயதுக்காரருக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்பார்கள். ஆகவே அவர்களுக்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும். ஆனால் கண்ணில் குத்தும் ஸ்பாட் லைட்டாக இல்லாமல், பரவலாக விழும் வெளிச்சமாக வேண்டும். தரை மங்கலான, வழுக்காத டைல்ஸாகவும், இருக்கை சுமார் 45 சென்டிமீட்டர் உயரத்தில் கைப்பிடியுடனும் இருந்திருந்தால் செலவு குறைந்தே இருக்கும். இதையெல்லாம் அன்றைக்கே எடுத்துச் சொல்லாமல், கேட்டபடி செய்துகொடுத்தவன் நான்தான்.

உடல் மட்டுமல்ல, வாங்குபவரின் மனக்கூச்சமும் கணக்கில் வரும். இன்று எல்லாரும் இயல்பாகத் தள்ளிக்கொண்டு போகும் தள்ளுவண்டியை 1937-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் சில்வன் கோல்டுமன் என்ற கடைக்காரர் அறிமுகப்படுத்தினார். கையில் இருக்கும் கூடை கனத்தவுடன் மக்கள் வாங்குவதை நிறுத்திவிடுவதைக் கவனித்ததால் பிறந்த யோசனை அது. கவனித்தது சரி, ஆனால் முதலில் யாரும் வண்டியைத் தொடவில்லை. ஆண்களுக்குத் தங்கள் வலிமையைக் குறைத்துக் காட்டுவதாகத் தோன்றியது. இளம்பெண்களுக்குக் குழந்தை வண்டியை நினைவூட்டியது. கடைசியில், வாடிக்கையாளர்போல் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பதற்கென்றே அவர் ஆட்களைக் கூலிக்கு அமர்த்த வேண்டியிருந்தது.

நடைபாதையின் அகலத்தைப் பொறுத்தவரை, சக்கர நாற்காலி நேராகப் போக 90 சென்டிமீட்டரும், முழுதாகத் திரும்ப 150 சென்டிமீட்டரும் வேண்டும் என்பது பொதுவான அளவு. பாகோ அண்டர்ஹில் என்ற ஆய்வாளர் வாங்குபவர்களைப் பின்தொடர்ந்து கவனித்தபோது, குனிந்து பொருளைப் பார்த்துக்கொண்டிருப்பவர், குறிப்பாகப் பெண், பின்னாலிருந்து ஓரிருமுறை இடிபட்டால் பொருளை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவதைக் கண்டார். நின்று ஆராய்ந்து வாங்கும் பொருளைக் குறுகிய வழியில் வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். அதேநேரம், மலிவு விலைக் குவியலில் துழாவித் தேடுவதையே விரும்பி வருகிறவர்களுக்கு அகலமும் வெறுமையும் 'இங்கே விலை அதிகம்' என்று சொல்லிவிடும். துணிக்கடையின் டிரையல் ரூமில் விளக்கைத் தலைக்கு மேல் வைத்தால் கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்து, போட்ட சட்டையைவிட முகத்தின் களைப்புதான் முதலில் தெரியும். கண்ணாடியின் இரு பக்கமும் விளக்கு வைக்கச் சொல்லி நான் வாதாடாத துணிக்கடை இல்லை.

வண்ணம், இசை பற்றியெல்லாம் எல்லாரும் பேசுகிறார்கள். மெதுவான இசை ஒலித்தபோது மக்கள் மெதுவாக நடந்ததையும் விற்பனை கூடியதையும் ரொனால்டு மில்லிமன் 1982-ல் ஓர் ஆய்வில் காட்டினார். அது சாவகாசமாக நடந்து வாங்கும் பல்பொருள் அங்காடியில் கண்டது. அவசரமாக மருந்துச் சீட்டோடு ஓடி வருகிறவரை மெதுவாக நடக்க வைத்து யாருக்கு என்ன லாபம்?

தங்கள் வணிகப் பக்கத்தில் எழுதுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். வரைபடம் போடுவதற்கு முன், இதேபோன்ற பொருளை விற்கும் ஒரு கடையின் வாசலருகே மூன்று நாள் நிற்கும்படி புதிய உரிமையாளர்களுக்குச் சொல்லுங்கள். அவற்றில் ஒன்று விடுமுறை நாளாக இருக்கட்டும். வருகிறவர் தனியாக வருகிறாரா, குழந்தையோடா, கையில் ஏற்கெனவே பை இருக்கிறதா, எத்தனை நிமிடம் இருக்கிறார், எந்த இடத்தில் தயங்குகிறார் என்று ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். கைப்பேசிப் படங்களோடு அந்த நோட்டையும் எடுத்து வந்தால், எங்களைப் போன்றவர்கள் அளவு நாடாவை எங்கே வைப்பது என்று தெரிந்துகொண்டு வேலையைத் தொடங்குவோம்.

இப்படிக்கு,
கடை உள்ளமைப்புத் தொழிலில் உள்ள வாசகர்