வெற்றுச் சங்குகளைக் கரையிலேயே விடுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக் காலம் தொடங்கினால் பிச்சாவரம் அலையாத்திக் காட்டைப் பற்றிய சுற்றுலாச் செய்திகள் நாளிதழ்களில் வருவது வழக்கம். படகுச் சவாரியும் பறவைகளும் அவற்றில் தவறாமல் இடம்பெறும். சுரபுன்னை வேர்களுக்கு இடையே சங்கைச் சுமந்து திரியும் துறவி நண்டுக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. அதற்கு வீடாகும் வெற்றுச் சங்குகள் நம் கைகளாலேயே குறைந்து வருவதால் இதை எழுதுகிறேன்.

நம் கழிமுகங்களில் காணப்படும் துறவி நண்டு இனங்களுள் ஒன்று கிளிபனாரியஸ் லாங்கிடார்சஸ். கால்களில் நீளவாக்கில் ஓடும் நீலக் கோடுகளைக் கொண்டு இதை அடையாளம் காணலாம். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரை தொடங்கி இந்தியப் பெருங்கடல், மேற்குப் பசிபிக் கரைகள் வரை, உப்பும் நன்னீரும் கலக்கும் சேற்றுநிலங்களிலும் அலையாத்திக் காடுகளிலும் இது வாழ்கிறது. மற்ற நண்டுகளைப் போல இதன் உடல் முழுவதும் ஓட்டால் மூடப்பட்டதன்று. வயிற்றுப் பகுதி மென்மையாகவும், சங்கின் உட்புறத் திருகலுக்கு ஏற்றாற்போல ஒரு பக்கம் வளைந்தும் இருக்கும். ஆகவே, இறந்துபோன நத்தையின் கூடு கிடைக்காவிட்டால் இந்த நண்டு மீனுக்கோ பறவைக்கோ எளிதில் இரையாகிவிடும். ஓதம் வடிந்த நேரத்தில் செவுள்கள் உலராமல் காப்பதும், பெண் நண்டு தன் வயிற்றடியில் சுமக்கும் முட்டைகளுக்குப் பாதுகாப்பு அளிப்பதும் அந்தக் கூட்டுக்குள் தேங்கி நிற்கும் சிறிதளவு நீரே.

நண்டு வளர வளர அதற்குப் பெரிய சங்கு தேவைப்படுகிறது. பொருத்தமான சங்கு கிடைக்காதபோது துறவி நண்டுகளின் வளர்ச்சி மந்தமாவதையும், அவை இடும் முட்டைகளின் எண்ணிக்கை குறைவதையும் ஆய்வாளர்கள் பல இனங்களில் பதிவு செய்துள்ளனர். ஒரு நண்டு புதிய சங்குக்கு மாறியதும், அது விட்டுச் சென்ற சங்கில் அடுத்த அளவுள்ள நண்டு குடியேறும். அதனுடைய பழைய சங்கு இன்னொன்றுக்குப் பயன்படும். எனவே, கரையிலிருந்து எடுத்துச் செல்லப்படும் ஒரே ஒரு சங்கு பல நண்டுகளின் இடமாற்றத்தைத் தடுத்துவிடக்கூடும்.

சட்டம் இதைக் கவனிக்கவில்லை என்று முற்றாகச் சொல்லிவிட முடியாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் 2001-ஆம் ஆண்டு சங்கு, நத்தை போன்ற சில மெல்லுடலி இனங்கள் சேர்க்கப்பட்டன. ஆனால் அவை பெரும்பாலும் அலங்காரச் சந்தையில் விலைபோகும் பெரிய இனங்களே. சேற்று நத்தையின் சாதாரண வெற்றுக்கூட்டை அள்ளிச் செல்பவரை அந்தப் பட்டியல் தடுப்பதில்லை. ஒருவர் எடுக்கும் நான்கைந்து சங்குகளால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். ஸ்பெயின் நாட்டின் மத்தியதரைக் கடற்கரை ஒன்றில், 1978 முதல் 1981 வரையிலும் பின்னர் 2008 முதல் 2010 வரையிலும் எடுத்த கணக்குகளை ஒப்பிட்டபோது, கரையில் கிடந்த கிளிஞ்சல்கள் 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருந்தன. அதே காலத்தில் சுற்றுலாப் பயணிகளின் வருகை ஏறத்தாழ மூன்று மடங்காகியிருந்தது. கரையைத் துப்புரவு செய்யும் இயந்திரங்களுக்கும் இதில் பங்கு இருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதினர். நம் ஊர்களில் நல்லெண்ணத்தோடு நடத்தப்படும் கடற்கரைத் தூய்மைப் பணிகளிலும் நெகிழிக் குப்பையோடு சேர்த்துச் சங்குகளும் சாக்குப் பைக்குள் போய்விடுகின்றன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நெகிழியை அகற்றுவது கட்டாயம் தேவை. இந்தியப் பெருங்கடலின் தொலைதூரத்துக் கொக்கோஸ் (கீலிங்) தீவுகளில் மட்டும் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட நிலத் துறவி நண்டுகள் நெகிழிக் கழிவுகளில் சிக்கி மடிந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆனால் புட்டியை எடுக்கும் கை சங்கை விட்டுவைக்க வேண்டும்.

வனத்துறையும் சுற்றுலாத் துறையும் பிச்சாவரம் படகுத்துறையிலும், மன்னார் வளைகுடாக் கரையில் பயணிகள் கூடும் இடங்களிலும் இதுபற்றி அறிவிப்புப் பலகைகள் வைக்கலாம். தூய்மைப் பணிக்கு மாணவர்களை அழைத்து வரும் ஆசிரியர்கள், எவற்றை எடுக்கக் கூடாது என்பதைப் பணி தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். சங்குக் கைவினைத் தொழிலை நம்பியுள்ள குடும்பங்களை இதன் பெயரால் வதைக்கக் கூடாது. எந்தக் கரையில், எந்த இனத்தை, எவ்வளவு எடுக்கலாம் என்பதை அவர்களையும் மீனவர்களையும் கலந்து பேசி வரையறுப்பதே முறையாகும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
சிதம்பரம்.