பொதிகை புறப்பட்ட பிறகு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ஆச்சியும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

இந்த வரியை வழக்கத்துக்காக எழுதவில்லை. நிஜமாகவே அறிய ஆவலாக இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை உன்னை ஏற்றிவிட்டு வந்ததிலிருந்து சரியாகத் தூக்கம் இல்லை. போனில் சொல்லலாம் என்றால் பாதியிலேயே நீ பேச்சை மாற்றிவிடுவாய். கடிதம் என்றால் முழுசாகப் படித்துத்தான் ஆக வேண்டும்.

அன்றைக்குப் பொதிகை இருபது நிமிஷம் தாமதம் என்று ரயிலடியில் சொன்னார்கள். பையைத் தூக்கி பெஞ்சில் வைத்தாய். சட்டைக் கை மேலே ஏறியது. முழங்கைக்குக் கீழே ஒரு விரல் நீளத்துக்குத் தழும்பு. என்ன இது என்று கேட்டேன். "அது பழசுப்பா, விடுங்க" என்றாய். நான் விடவில்லை. அப்புறம் அந்த இருபது நிமிஷத்துக்குள் நாலு மாதத்துச் சங்கதியையும் சொல்லி முடித்தாய். அதுவும் சிரித்துச் சிரித்து. ஐப்பசி மழையில், சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்திருக்கும் இடத்தில், தண்ணீருக்கு அடியில் பள்ளம் இருப்பது தெரியாமல் ஸ்கூட்டியோடு விழுந்தது. பின்னால் வந்த லாரி ஓரமாக ஒதுங்கிப் போனது. சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ராத்திரி பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தது. அப்புறம் அந்தப் பணம் போன கதை. அதற்குள் வண்டி வந்துவிட்டது. நீ ஏறிக்கொண்டாய், கையசைத்தாய், ராஜபாளையம் பக்கம் போய்விட்டாய். நான் பிளாட்பாரத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். டீக்கடைக்காரர், "என்ன சார், பாப்பா போனது வருத்தமா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

லாரி ஒதுங்கிப் போனது என்று நீ சொன்னபோதும் சிரித்தாய், பாப்பா. எனக்கு அது இன்னும் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "600 கிலோமீட்டர் தள்ளி இருந்துக்கிட்டு நீங்க என்னப்பா செய்யப் போறீங்க?" என்றாய். நியாயமான கேள்விதான். நாலு நாளாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் பணம் போன விஷயத்தையே எடுத்துக்கொள். தபால் துறை அனுப்பியது மாதிரி ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது, உன் பார்சல் வந்திருக்கிறது, முகவரி சரியில்லை, 24 மணி நேரத்துக்குள் திருத்தாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று இருந்தது, இணைப்பைத் தொட்டதும் மறுபடி கொண்டுவந்து கொடுக்க 25 ரூபாய் கட்டு என்று கேட்டது, 25 ரூபாய்தானே என்று கார்டு எண்ணையும் பின்னால் இருக்கும் மூன்று எண்களையும் போட்டேன் என்றாய். மதியம் 8,400 ரூபாய் போனது. சாயங்காலம் இன்னொரு 6,000.

36 வருஷம் அந்தத் துறையில் இருந்தவன் நான். சைக்கிளில் கடிதம் கொண்டு போனவன், அப்புறம் பரீட்சை எழுதி கவுண்டரில் உட்கார்ந்தவன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த நிமிஷமே சொல்லியிருப்பேன். முகவரி புரியாவிட்டால் தபால்காரர் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். ஆள் இல்லாவிட்டால் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போவார். பார்சல் ஏழு நாள் ஆபீசில் இருக்கும். நீ அடையாள அட்டையோடு போய் வாங்கிக்கொள்ளலாம். அதற்குப் பிறகுதான் அனுப்பியவருக்குத் திரும்பும். 24 மணி நேரம் என்று மிரட்டுவது எங்கள் வேலையே இல்லை. இந்த மாதிரிச் செய்தியை நம்பாதீர்கள் என்று அரசாங்கமே அறிவிப்பு கொடுத்திருக்கிறது. இங்கே நம் ஊர் ஆபீசில்கூட இரண்டு பேர் இதைக் காட்டி விசாரித்தார்களாம். உன்னைக் குறை சொல்லவில்லை. மழையில் ஆர்டர் போட்டுவிட்டு நிஜமாகவே ஒரு பார்சலுக்குக் காத்திருந்தவள் நீ. யாராக இருந்தாலும் அந்த இணைப்பைத் தொட்டிருப்பார்கள்.

எனக்கு உறுத்துவது 8,400 இல்லை, அந்த 6,000. மதியம் முதல் தடவை பணம் போனதும் நீ யாரிடமும் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது, தபால்காரர் மகள் தபால் பேரிலேயே ஏமாந்தேன் என்று எப்படிச் சொல்வது என்றாய். சாயங்காலம் வரை கார்டை முடக்காமல் வைத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறாய். அதற்குள் இரண்டாவது தடவை எடுத்துவிட்டான். இணைய மோசடியைப் புகார் செய்யும் 1930 என்ற எண்ணை உடனே கூப்பிட்டால் பணம் அடுத்த கை மாறுவதற்குள் நிறுத்தப் பார்ப்பார்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு வாய்ப்பு. 2017-ல் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கையும் இதைத்தான் சொல்கிறது. நம் கவனக்குறைவால் போனது என்றால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் நம்முடையது. தெரிவித்த பிறகும் போனால் அது வங்கியின் பொறுப்பு. அதாவது நீ மதியமே வாயைத் திறந்திருந்தால் அந்த 6,000 ரூபாய்க்கு நீ பதில் சொல்ல வேண்டியிருந்திருக்காது. 600 கிலோமீட்டர் தள்ளி இருந்து நான் செய்திருக்கக்கூடியது இது.

சாவி விஷயத்தில் நான் ஒன்றும் செய்திருக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். அறைத்தோழி ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்துதான் கதவு திறந்தது. ஆனால் மூன்று மணி நேரமும் நானும் விழித்திருந்திருப்பேன் இல்லையா? போனில் சார்ஜ் அதிகம் இல்லை, சரி, ஒரு நிமிஷம் பேசியிருக்கலாம். "படியில இருக்கேன்ப்பா" என்று. கீழ்வீட்டுத் தெலுங்கு அம்மா கதவைத் திறந்து உனக்குத் தண்ணீரும் முறுக்கும் கொடுத்தார் என்றாயே, அவர் வீட்டில் ஒரு சாவியைக் கொடுத்து வை. தெரியாத ஊரில் ராத்திரி ஒரு மணிக்குக் கதவு திறக்கிற மனுஷி கிடைத்தது பெரிய விஷயம். அம்மா அனுப்பும் பார்சலில் அவருக்கும் ஒரு பொட்டலம் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது உனக்கு நான் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

1987-ல் கரிவலம்வந்தநல்லூர் பக்கம் எனக்கு பீட், அதாவது நான் கடிதம் கொடுக்கும் பகுதி. அங்கே ஓர் ஆச்சி இருந்தார். ஒரே மகன், பம்பாயில் தாராவியில் ஒரு பட்டறையில் வேலை. மாதம் பிறந்தால் மணியார்டர் வரும், இடையில் ஓர் இன்லண்ட் லெட்டர். ஆச்சிக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் திண்ணையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவேன். "நான் இங்கு நலமாக இருக்கிறேன், கவலைப்பட வேண்டாம்" என்றுதான் ஒவ்வொன்றும் ஆரம்பிக்கும். வாசித்து முடித்ததும் அவர் கடிதத்தை வாங்கிப் பின்பக்கத்தைத் தடவிப் பார்ப்பார். அந்தப் பையன் பால்பாயிண்ட் பேனாவை அழுத்தி அழுத்தி எழுதுவான். பின்னால் எழுத்தெல்லாம் புடைத்திருக்கும்.

ஒரு மாதம் வந்த கடிதத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது எம் பிள்ளை எழுதினது இல்லையே அய்யா" என்றார். எனக்கும் கையெழுத்து வேறு மாதிரிதான் பட்டது. ஆனாலும், "ரீஃபில் மாத்தியிருப்பான் ஆச்சி, ஒண்ணும் இருக்காது" என்று சொல்லிவிட்டேன். அவசரம், பையில் இன்னும் கடிதங்கள் இருந்தன. அவரும் சரி என்று இருந்துவிட்டார். அடுத்த மாதமும் அப்படியே. மணியார்டர் மட்டும் குறையாமல் வந்தது.

மூன்று மாதம் கழித்துப் பையன் ஊருக்கு வந்தான். வலது கையில் மூன்று விரல் இல்லை. இயந்திரத்தில் மாட்டிக்கொண்டதாம். கூட இருந்தவனைவிட்டுக் கடிதம் எழுதச் சொல்லி, கடன் வாங்கிப் பணம் அனுப்பியிருக்கிறான். அம்மா பாவம், என்ன செய்யப்போகிறாள் என்று நினைத்திருக்கிறான். நீ என்னிடம் கேட்டதும் அதேதான்.

அடுத்த தடவை அந்தத் தெருவுக்குப் போனபோது ஆச்சி என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "அந்த மூணு மாசமும் நான் நல்லாச் சாப்பிட்டுட்டுத் தூங்கினேனே அய்யா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். விரல் போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பிளாட்பாரத்தில் எனக்கு அந்தக் குரல்தான் கேட்டது. நீ விழுந்த நாளைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்றைக்கு நான் கடைத்தெருவில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்து மதியம் நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

நீ சொல்லாமல் இருந்ததற்கு நாங்களும் காரணம், அதை மறைக்க மாட்டேன். முதல் வருஷம் உனக்குக் காய்ச்சல் என்று சொன்னாய். அம்மா அன்று ராத்திரியே பஸ் ஏறி வந்து மூன்று நாள் அழுதாள். நான் போனில், பேசாமல் வேலையை விட்டுவிட்டு வா, இங்கேயே டீச்சர் வேலைக்குப் படி என்றேன். அத்தை அதையே சாக்காக வைத்து மாப்பிள்ளைப் பேச்சை எடுத்தாள். ஒரு காய்ச்சலுக்கு இவ்வளவு என்றால் ஸ்கூட்டி கவிழ்ந்ததை எவள் சொல்லுவாள்? யோசித்துப் பார்த்தால் உன் இடத்தில் நானும் சொல்லியிருக்க மாட்டேன். சொல்லவும் இல்லை. கவுண்டரில் உட்கார்ந்த புதிதில் கணக்கில் 200 ரூபாய் குறைந்தது. குறைந்தால் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். கடன் வாங்கிக் கட்டினேன். இரண்டு மாதம் மதியச் சாப்பாட்டை விட்டேன். உன் தாத்தாவுக்கு "நலம்" என்றே எழுதினேன். அவர் கடைசி வரை அதைத் தெரிந்துகொள்ளாமலே போய்விட்டார்.

அதனால் நான் என் பக்கம் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நீ என்ன சொன்னாலும் வேலையை விட்டு வா என்று சொல்ல மாட்டேன். கல்யாணப் பேச்சை அதோடு சேர்க்க மாட்டேன். ஏன் அங்கே போனாய், ஏன் கவனிக்கவில்லை என்று அந்த நேரத்தில் கேட்க மாட்டேன். நீ வரச் சொன்னால் வருவேன், சொல்லாவிட்டால் போனைக் காதில் வைத்துக்கொண்டு இருப்பேன். நீ அந்த வேலைக்காக எவ்வளவு பாடுபட்டாய் என்று எனக்குத் தெரியும். காலையில் காரப்பாக்கத்தில் தண்ணீர் லாரி வரும் நேரத்துக்கு எழுந்து, குடம் பிடித்து, மாவு பொங்கி ஃபிரிட்ஜெல்லாம் வழிந்ததைத் துடைத்து, ஒன்பதரைக்கு மீட்டிங்கில் உட்காருகிறவள் நீ. அன்றைக்கு மைக் அணைக்காமல் அம்மா "சாப்டியா" என்று கேட்டது ஆபீஸ் முழுக்கக் கேட்டுவிட்டது என்று கூச்சப்பட்டாயே, அதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. அங்கே இருந்த எல்லோருக்கும் அதே கேள்வியைக் கேட்க எங்கோ ஒருத்தி இருப்பாள்.

உன் பக்கம் நான் கேட்பது ஒன்றுதான். முடிந்த பிறகு கதையாகச் சொல்லாதே. நடக்கும்போதே சொல். படியில் உட்கார்ந்திருக்கும்போது, பணம் போன அந்த மதியம், சட்டைக் கையில் ரத்தத்தோடு ரோட்டோரம் நிற்கும்போது. நாலு வார்த்தை போதும். ராத்திரியில் என் போன் தலைமாட்டில்தான் இருக்கிறது. முன்பு சத்தத்தைக் குறைத்து வைப்பேன், இப்போது வைப்பதில்லை.

வண்டியை இனி மழை நேரத்தில் எடுக்காதே, சோழிங்கநல்லூர் வரை பஸ்ஸிலேயே போ. ஆடித்தபசுக்கு வருவதாக இருந்தால் 60 நாளைக்கு முன்னால் டிக்கெட் போட மறக்காதே, பொங்கலுக்குத் தட்கலில் பட்ட பாடு போதும். பார்சலில் இட்லிப்பொடியும் சுண்டவற்றலும் இருக்கின்றன. ஆச்சி உனக்கென்று கோமதியம்மன் கோவில் புற்றுமண் ஒரு தாளில் மடித்து வைத்திருக்கிறாள். தூக்கிப் போட்டுவிடாதே.

இன்னொன்று. தழும்பைப் பற்றி அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அவள் வாசலில் பூக்கட்டிக்கொண்டு, இவர் என்ன இவ்வளவு நேரம் எழுதுகிறார் என்று இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டாள். நாலு நாளாக அவள் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஆனால் அது நீ சொல்ல வேண்டியது. கடிதம் கைக்கு வந்த அன்றைக்கே கூப்பிடு. போனை நான் எடுத்தால், அம்மாவிடம் கொடுக்கச் சொல்லு.

அன்புடன்,
அப்பா