ஆளுநர் ஆட்சியும் பத்திரிகைகளின் பாராமுகமும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018ஆம் ஆண்டு ஒக்டோபரில் முடிவடைந்தது. அன்றிலிருந்து ஏழு ஆண்டுகளுக்கு மேலாக இம்மாகாணத்தின் பாடசாலைகள், ஆதார வைத்தியசாலைகள், விவசாயம், கூட்டுறவு, உள்ளூர் வீதிகள் ஆகிய எல்லாமே மக்கள் தெரிவு செய்யாத ஆளுநர்களின் கையொப்பத்தில்தான் நடந்து வருகின்றன. இதைப்பற்றித் தங்கள் பத்திரிகை உட்பட யாழ்ப்பாணத்து நாளேடுகள் எழுதவேண்டிய அளவுக்கு எழுதுவதில்லை என்பதும், எழுதும்போதும் ஆளைப் பார்த்து, கட்சியைப் பார்த்தே எழுதுகின்றன என்பதும் என் போன்ற வாசகர்களுக்கு நெடுநாளாக இருந்துவரும் மனக்குறை. அதை வெளிப்படையாகச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் பழைமையில் பற்றுள்ளவன். கோயிலையும் குடும்பத்தையும் கட்டுப்பாடான பள்ளிக்கூடத்தையும் கடன்படாத வாழ்க்கையையும் மதிப்பவன். அரசாங்கம் எல்லாவற்றிலும் கைவைக்கத் தேவையில்லை, கைவைத்ததை ஒழுங்காகச் செய்து, செலவழித்த காசுக்குக் கணக்குக் காட்டினால் போதும் என்று நினைப்பவன். இப்படி நினைப்பவர்கள் குடாநாட்டில் குறைவில்லை. ஆனால் எங்கள் கருத்துக்குப் பத்திரிகைகளில் கிடைக்கும் இடமோ மிகக் குறைவு. கிடைத்தாலும், கட்டுப்பெட்டிகள் ஏதோ முணுமுணுக்கிறார்கள் என்ற தோரணையில்தான் அது போடப்படுகிறது. நாங்கள் கேட்பது சலுகையை அல்ல. எல்லோரையும் அளக்கும் கோலால் எங்களையும் அளக்க வேண்டும் என்பதைத்தான்.

மாகாண சபைத் தேர்தல் எப்படி முடங்கியது என்பதை இன்றைய இளைய வாசகர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. பெண் வேட்பாளர்களின் தொகையைக் கூட்டுவதற்கென்று 2017 செப்டெம்பரில் பாராளுமன்றத்துக்கு வந்த சட்டமூலம் ஒன்றில், குழுநிலையில் திருத்தங்களைப் புகுத்தி, தேர்தல் முறையையே மாற்றிவிட்டார்கள். பாதி உறுப்பினர் தொகுதிவாரியாகவும் பாதி உறுப்பினர் விகிதாசார முறையிலும் தெரிவாக வேண்டும் என்பது புதிய ஏற்பாடு. அதற்குத் தொகுதி எல்லைகள் புதிதாக வகுக்கப்பட வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிராக 139 வாக்குகள் விழுந்தன. ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. அறிக்கையைச் சமர்ப்பித்த அமைச்சரே அதற்கு எதிராக வாக்களித்தார். அறிக்கையை மீளாய்வு செய்யப் பிரதமர் தலைமையில் அமைக்கப்பட்ட குழு இரண்டு மாதத்தில் முடிவு சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. 2019இல் சனாதிபதி உயர் நீதிமன்றத்தின் அபிப்பிராயத்தைக் கேட்டபோது, எல்லை நிர்ணயம் முடியாமல் தேர்தலை நடத்தச் சட்டத்தில் வழியில்லை என்றே பதில் வந்தது. ஆக, பழைய முறை நீக்கப்பட்டது, புதிய முறை நடைமுறைக்கு வரவில்லை. 2019ஆம் ஆண்டுக்குப் பிறகு ஒன்பது மாகாணங்களில் எதிலுமே தெரிவு செய்யப்பட்ட சபை இல்லை.

இந்தப் பொறுப்பின்மையில் பங்கில்லாத கட்சி ஒன்றைக் காட்டுவது கடினம். வாக்கெடுப்பில் ஆதரவாக ஒருவர்கூட இல்லை என்றால், நாங்கள் அனுப்பிய பிரதிநிதிகளும் அந்தக் கணக்கில் அடங்குவார்கள் அல்லவா? ஆனால் எங்கள் நாளேடுகளில் ஒன்று தெற்கின் சூழ்ச்சி என்று எழுதியது, இன்னொன்று தமிழ்த் தலைமையின் துரோகம் என்று எழுதியது. சட்டத்தை எடுத்து வைத்து, எந்தப் பிரிவில் எது சிக்கியிருக்கிறது, அதை அவிழ்க்க யார் என்ன செய்ய வேண்டும் என்று பொறுமையாக விளக்கிய கட்டுரைகளை நான் மிக அரிதாகவே கண்டேன். 2024 நவம்பரில் 159 ஆசனங்களுடன் பாராளுமன்றத்துக்கு வந்த அரசுக்கு, யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றையும் பெற்ற அரசுக்கு, ஒரு திருத்தச் சட்டம் கொண்டுவருவது மலையைப் புரட்டும் காரியமல்ல. இதை அந்தக் கட்சியின் ஆதரவாளரும் கேட்கலாம், எதிர்ப்பாளரும் கேட்கலாம். பத்திரிகை கட்டாயம் கேட்க வேண்டும்.

உள்ளூராட்சியிலும் இதே கதையைத்தான் பார்த்தோம். 2023 மார்ச் 9ஆம் திகதி நடக்கவிருந்த தேர்தல், திறைசேரியில் பணம் இல்லை என்ற காரணத்தால் நடக்கவில்லை. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்த பின்னரே, 2025 மே 6ஆம் திகதி வாக்களிக்க முடிந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேலான காலத்தில் பிரதேச சபைகளை நடத்தியவர்கள் செயலாளர்கள். அவர்களில் திறமையானவர்கள் இருந்தார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் உத்தியோகத்தரை மக்கள் அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்ப முடியாது.

இதன் விளைவு எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பகுதியில் ஒழுங்கையும் பெரிய வீதியும் சந்திக்கும் இடத்தில் ஒரு மதகின் மேற்றட்டு இடிந்து, உள்ளிருந்த கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. யாரோ ஒரு புண்ணியவான் அந்த ஓட்டையில் ஒரு பூவரசங் கொப்பைச் செருகி, அதன் நுனியில் பழைய சிவப்புச் சேலையின் துண்டு ஒன்றைக் கட்டிவிட்டிருக்கிறார். மாரி தொடங்கி வாய்க்கால் நிறைந்துவிட்டால் வீதி எது, மதகு எது என்று தெரியாது. பின்னேரத்தில் பிள்ளைகள் சைக்கிளில் ரியூசனுக்குப் போகும் பாதை அது. முறைப்பாட்டுடன் போனால் ஓர் அலுவலகத்தில் அந்த வீதி தங்களுடையது அல்ல என்றார்கள். அடுத்த அலுவலகத்தில் வீதி தங்களுடையதுதான், வாய்க்கால் தங்களுடையது அல்ல என்றார்கள். மூன்றாவது இடத்தில் கோவை மேலே போயிருக்கிறது, ஒதுக்கீடு வந்தால் செய்வோம் என்றார்கள். ஏ, பி தர வீதிகள் மத்திக்கு, சி, டி தர வீதிகள் மாகாணத்துக்கு, மிகுதி உள்ளூராட்சி சபைகளுக்கு என்று பிரித்திருப்பது நிர்வாகத்துக்கு வசதியாக இருக்கலாம். ஆனால் மூன்றும் சந்திக்கும் இடத்தில் யாரும் பொறுப்பில்லை என்றால் அந்தப் பிரிவினையால் மக்களுக்கு என்ன பயன்? மாகாண சபை இருந்திருந்தால், எங்கள் உறுப்பினரின் படலையைத் தட்டி, அமர்வில் இதைக் கேட்கச் சொல்லியிருப்போம். அமைச்சர் எழுந்து ஒரு பதில் சொல்லியே ஆகவேண்டியிருக்கும். இப்போது மேலே போன கோவை எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்கக்கூட எங்களுக்கு ஆள் இல்லை. பத்திரிகையிலும் மதகு செய்தியாகவில்லை. ஓர் அரசியல்வாதி வந்து மதகைப் பார்வையிட்ட படம்தான் செய்தியாகியது.

இருந்த சபை சிறப்பாக நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. 2013 செப்டெம்பரில் 38 ஆசனங்களில் 30ஐ ஒரே அணிக்குக் கொடுத்தோம். போருக்குப் பின்னான இந்த மண்ணில் அதைவிடப் பெரிய ஆணையை யாரும் பெற்றிருக்க முடியாது. நான்கு ஆண்டுகள் முடிவதற்குள், 2017 ஜூனில், அமைச்சர்கள் மீதான விசாரணையும் முதலமைச்சர் மீதான நம்பிக்கையில்லாப் பிரேரணையுமாக அது தனக்குள்ளேயே பிளந்து நின்றது. தீர்மானங்களுக்குக் குறைவிருக்கவில்லை, மாகாண சபை தானே இயற்ற வேண்டிய நியதிச் சட்டங்களுக்குத்தான் குறைவிருந்தது. அந்த நாட்களில் எங்கள் நாளேடுகள் இரு பக்கமாகப் பிரிந்து நின்று எழுதியதை வாசகர்கள் மறக்கவில்லை. எந்தப் பத்திரிகையை வாங்கினோம் என்பதைப் பொறுத்து, ஒரே அமர்வு இரண்டு அமர்வுகளாகத் தெரிந்தது. சபை கெட்டதில் அந்த எழுத்துக்கும் பங்குண்டு என்பது என் துணிபு.

மதுக்கடை விடயத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2024இல் புதிதாக வழங்கப்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்களின் பட்டியல் அவ்வாண்டு டிசெம்பரில் பாராளுமன்றத்தில் வெளியிடப்பட்டது. வடக்கும் அதில் இருந்தது. கோயில் வீதியிலும் பாடசாலைக்குப் பக்கத்திலும் கடை வேண்டாம் என்று ஊர்ப் பெரியவர்களும் தாய்மாரும் பல காலமாக மனுக் கொடுத்து வந்தவர்கள். அப்போது அவை உள்பக்கத்தில் நான்கு வரிச் செய்திகள். அரசியல்வாதிகளின் சிபாரிசு என்ற பேச்சு எழுந்தவுடன் அதே விடயம் முதற்பக்கத்துக்கு வந்தது. அதுவும், எந்தக் கட்சிக்காரரின் பெயர் அடிபடுகிறது என்பதற்கேற்ப எழுத்தின் அளவு கூடியது, குறைந்தது. குடியால் குடும்பங்கள் அழிவதுதான் எங்கள் கவலை. அந்தக் கவலையை ஒரு பத்திரிகையாவது கட்சிச் சண்டையிலிருந்து பிரித்துப் பார்த்திருக்கலாம்.

என் உத்தியோக காலம் முழுவதும் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளைப் பார்த்தவன் நான். பொதுக்கூட்டம் கூட்டாமல், கணக்கை அங்கத்தவர் முன் வைக்காமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கும் சங்கத்தின் நிர்வாகக் குழுவைக் கலைப்பதற்குத் திணைக்களத்துக்கு அதிகாரம் இருந்தது. அரிசியும் சீனியும் விற்கும் சங்கத்திடம் எதிர்பார்த்த ஒழுங்கை ஒரு மாகாணத்தின் ஆட்சியிடம் எதிர்பார்ப்பது மிகையாகாது.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, கேட்ட தகவலைத் தருவதா இல்லையா என்று தகவல் உத்தியோகத்தர் 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அச்சட்டத்தைப் பயன்படுத்தி, 2018 ஒக்டோபருக்குப் பின்னர் வட மாகாணத்துக்கு ஆண்டுதோறும் ஒதுக்கப்பட்ட நிதி எவ்வளவு, உண்மையில் கைக்கு வந்தது எவ்வளவு, திரும்பிப் போனது எவ்வளவு, ஒவ்வொரு திணைக்களமும் எதற்குச் செலவழித்தது என்பவற்றைக் கேட்டுப் பெற்று, எந்தக் கட்சியின் விளக்கவுரையும் சேர்க்காமல் வாரம் ஒரு பக்கமாக வெளியிடுங்கள். மாகாண சபைத் தேர்தலுக்கான திருத்தச் சட்டத்தை எந்தத் திகதிக்குள் கொண்டுவருவார்கள், எந்தத் திகதிக்குள் ஆதரிப்பார்கள் என்று யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு பாராளுமன்ற உறுப்பினர்களிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு, ஆறு பதில்களையும் ஒரே அளவு இடத்தில் பக்கத்துப் பக்கமாக அச்சிடுங்கள். பதில் தராதவரின் இடத்தை வெறுமையாகவே விடுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கூட்டுறவு உத்தியோகத்தர் ஒருவர்,
மானிப்பாய்.