சந்தைக்குப் போகும் பாப்பா: அக்காவுக்கு ஒரு கடிதம்

காத்ர் போர்ன், மொரிஷியஸ்

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லாரும் நலம். மாமாவும் குட்டியும் எப்படி இருக்கிறார்கள்? அம்மா போன் பேசும்போதெல்லாம் "பாப்பாவுக்கு நாலு வயசு ஆச்சு, இன்னும் நூறு வரை எழுதத் தெரியலையா, குட்டி எல்கேஜி சேருவதற்கு முன்னாடியே எழுதுறானே" என்று கேட்கிறார். போனில் பதில் சொன்னால் பேச்சு எங்கேயோ போய்விடுகிறது, அதனால் உனக்கு எழுதுகிறேன். படித்துவிட்டு அம்மாவுக்கும் படித்துக் காட்டு.

எங்கள் ஊரில் வாரத்தில் நாலு நாள் சந்தை. புதனும் சனியும் காய்கறி, வியாழனும் ஞாயிறும் துணிமணி. ஃபுவார் என்று சொல்வார்கள். அவருக்கு எபேனில் ஆபீஸ், சனிக்கிழமை லீவு, அதனால் அன்றைக்குக் காலையில் மூன்று பேரும் சேர்ந்து போவோம். பாப்பாவுக்கென்று ஒரு சின்னத் துணிப்பை உண்டு. கத்தரிக்காய் வாங்குவது அவள் வேலை, அதில் நாங்கள் கை வைப்பதில்லை.

ஒன்று முதல் இருபது வரை அவள் மூச்சு விடாமல் ஒப்பிப்பாள், நீயே கேட்டிருக்கிறாய். ஆனால் ஆரம்பத்தில் "அஞ்சு கத்தரிக்காய் எடு" என்றால் கைக்கு வந்ததையெல்லாம் அள்ளிப் போடுவாள், ஐந்தில் நிறுத்த வராது. எண்ணும்போது கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது குழந்தைக்குப் பிடிபடவே மூன்றரை, நாலு வயது ஆகும் என்று இதை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். நூறு வரை எழுத வைப்பதால் அது வந்துவிடாது அக்கா. ஒவ்வொரு காயாக எடுத்து, சொத்தை இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து, எண்ணிக்கொண்டே பையில் போட்டுப் போட்டுத்தான் அவளுக்கு வந்தது. இப்போது ஐந்து என்றால் ஐந்துதான், ஆறாவதை நான் வைத்தால் எடுத்து வெளியே போடுகிறாள்! கடைக்காரரைத் தொந்தோன் என்று கூப்பிடுவாள் (இங்கே மாமா, பெரியப்பா எல்லாருக்கும் அதே), "கொமியே?" என்று விலை கேட்பாள், அவர் கிரியோலில் (இங்கே எல்லாரும் பேசும் மொழி) சொல்வதை எங்களிடம் திரும்பிச் சொல்வாள். காய்க்கு அரைக் கிலோ கணக்கில்தான் விலை சொல்வார்கள், அதனால் தராசில் காய் ஏற ஏற எடை கூடுவதைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு நிற்பாள். கீரை விற்கும் அம்மா கொத்தமல்லி, கறிவேப்பிலை, முருங்கைக்கீரை எல்லாவற்றையும் கசக்கி முகரக் கொடுப்பார், இப்போது கண்ணை மூடிக்கொண்டே எது எது என்று சொல்கிறாள்.

தக்காளிக் கடையில் ஒன்று கவனித்தேன். ஆறு தக்காளியை நெருக்கி வைத்த கூறும் ஆறையே பரப்பி வைத்த கூறும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், பரப்பினதுதான் நிறைய என்பாள். இரண்டையும் எண்ணி, இரண்டிலும் ஆறு என்று அவள் வாயாலேயே சொன்ன பிறகும் அதையேதான் காட்டுவாள். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே குழந்தைகளிடம் கண்டது இதுவேதான், ஆறேழு வயது வரை பெரும்பாலும் அப்படித்தான் தோன்றுமாம். அதனால் நான் திருத்துவதில்லை. வீட்டுக்கு வந்ததும் தக்காளியைத் தரையில் கொட்டி அவளே சேர்த்தும் பரப்பியும் அடுக்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன், அது பாட்டுக்கு அரை மணி நேரம் போகும்.

காசு கொடுப்பதும் அவள்தான். இங்கே 1, 5, 10, 20 ரூபாய்க் காசுகள், பத்து ரூபாய்க் காசுக்கு ஏழு பக்கம், இருபது ரூபாய்க் காசு இரண்டு நிறம். பைக்குள் கையை விட்டுத் தடவியே பத்தை எடுத்துவிடுவாள். நோட்டுகளில் ஆங்கிலத்துக்கு அடுத்தபடி தமிழ் இருக்கிறது அக்கா. 1998இல் புது நோட்டில் இந்தியை முன்னால் போட்டுத் தமிழைப் பின்னால் தள்ளியபோது இங்குள்ள தமிழர்கள் எதிர்த்து, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வைத்தார்கள். நூறு ரூபாய் நோட்டில் இருப்பவரும் தமிழர்தான், ரங்கநாதன் சீனிவாசன். பாப்பா தானாகத் தேடிக் கண்டுபிடித்த முதல் தமிழ் எழுத்து அந்த நோட்டில் இருக்கும் "ரூ". எந்த நோட்டைக் கொடுத்தாலும் முதலில் அதைத் தேடி விரலை வைப்பாள். அம்மாவிடம் இதைக் கட்டாயம் சொல்.

வாங்கி முடித்ததும் தால் பூரி. பேர்தான் பூரி, பருப்பு வைத்த மெல்லிய ரொட்டி, இரண்டிரண்டாகத்தான் தருவார்கள். மூன்று பேருக்கு இரண்டு ஜோடி வாங்கினால் ஒன்று மிஞ்சும். அந்த ஒன்றை மூன்றாகப் பிய்ப்பது அவள் பொறுப்பு, துண்டு சமமாக இல்லையென்றால் அவர் வேண்டுமென்றே சின்னதைக் காட்டி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், அவள் தன் துண்டிலிருந்து கொஞ்சம் கிள்ளிக் கொடுப்பாள். வகுத்தல் என்ற பெயரெல்லாம் பிறகு வரட்டும்.

பிரேசிலில் ரெசிஃபே நகரத்துத் தெருவில் வியாபாரம் செய்யும் பிள்ளைகளிடம், ஆய்வாளர்கள் வாங்க வந்தவர்கள் மாதிரி நின்று கணக்குக் கேட்டிருக்கிறார்கள், 100க்கு 98 சரியாகச் சொன்னார்களாம். அதே மாதிரிக் கணக்கைப் பள்ளிக்கூடத்துப் பாணியில் வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 37தான். 1985இல் வந்த ஆய்வு. ஐந்தே பிள்ளைகள், அதுவும் 9 முதல் 15 வயது வரை, நாலு வயதுக்கு அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனால் கையில் பொருளும் எதிரில் ஆளும் இருக்கும்போது பிள்ளை மூளை எப்படி ஓடுகிறது என்பதை நான் வாராவாரம் பார்க்கிறேன், அதனால் எனக்கு அது ஆச்சரியமாக இல்லை.

குட்டிக்கு எந்த ஸ்கூல் என்று கேட்டிருந்தாய். வீட்டுக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் சேர்த்துவிடு, எழுதுகிற வீட்டுப்பாடம் குறைவாகக் கொடுத்தால் இன்னும் நல்லது. ஆனால் மணப்பாறை சந்தைக்குப் போகும்போது அவனை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போகாதே. கூட்டம் சேருவதற்குள் போ, அவன் கையில் ஒரு பை, அவனுக்கென்று ஒரே ஒரு காய், பத்து ரூபாய்க் காசு இரண்டு மூன்று கொடு. அவசரப்படுத்தாதே, அப்புறம் இது எத்தனை அது எத்தனை என்று வழியெல்லாம் பரீட்சை வைக்காதே, அவனாகவே கேட்பான். மாமாவுக்கு நேரமாகிவிடும் என்றால் மாமா வீட்டில் இருக்கட்டும், நீங்கள் இரண்டு பேரும் போங்கள்.

போய் வந்து என்ன காய் எடுத்தான், கடைக்காரரிடம் என்ன பேசினான் என்று எல்லாம் எழுது. பாப்பாவுக்கு நான் படித்துக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உன் தங்கை